நான்காம் இடத்துத் தண்ணீர்

அடையாற்றைத் திரு.வி.க. பாலத்தில் கடக்கும்போது நீங்களும் மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆள்தானா?

நானும் அப்படித்தான் இருந்தேன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் கடலும் கிடையாது, ஆறும் கிடையாது. மீன் என்பது சனிக்கிழமை சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வருகிற பொருள். சென்னைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ராயப்பேட்டையில் ஒரு மாடியறை, தரமணியில் ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. கள உதவியாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். தண்ணீர் எடுப்பவன் என்று போட்டிருந்தாலும் தப்பில்லை.

வேலை இதுதான். மீன் போகிற இடத்திலெல்லாம் தன்னைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும். செதில், மேல்வழுவழுப்பு, கழிவு. அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துணுக்காகத் தண்ணீரில் கிடக்கும். அந்தத் தண்ணீரை எடுத்து, சன்னமான வடிதாளில் வடிகட்டி, தாளில் நின்றதை ஆய்வகத்தில் படித்தால், டி.என்.ஏ. அடையாளத்தை வைத்து இன்ன மீன் இங்கே வந்து போனது என்று சொல்லிவிடலாம். வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம். ஒரு மீனும் சாக வேண்டாம்.

முதல் தடவை இதைப் படகுக்காரர் நெடுஞ்செழியனிடம் விளக்கியபோது அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"மீனு போன அட்ரஸ் வெச்சிக்கினு இன்னா நைனா பண்ணுவ? கொழம்பு வெக்க முடியுமா?"

நெடுஞ்செழியனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பட்டினப்பாக்கத்தில் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய குடியிருப்பு. அவர் படகோடு சேர்த்து ஒன்பது ஃபைபர் படகுகள் அங்கே மணலில் ஏறும். அந்த மணலில்தான் இப்போது கான்கிரீட் கரை கட்டி நடைபாதை போடப் போவதாகத் திட்டம். கரை வந்தால் படகு ஏற இடமில்லை. கடலைப் பார்த்த பக்கம் அலை அடிக்கும், அங்கே ஏற்ற முடியாது. திட்டம் போட்டவர்களின் காகிதத்தில் ஒரு வரி இருந்தது: 'முகத்துவாரத்தில் குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் இல்லை.' அந்த ஒரு வரியை மறுத்துக் காட்டினால் திட்டத்தைத் திரும்பப் பார்க்கிறோம் என்று நிபுணர் குழு சொல்லியிருந்தது. மறுத்துக் காட்டும் வேலை எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அறிக்கை போக வேண்டும்.

இந்தக் கதை அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, மதியம் தொடங்குகிறது.

"அய்யாதுரை, கதவச் சாத்திட்டு வாங்க" என்றார் ஜொவிட்டா மேடம்.

அவர்தான் இந்த ஆய்வின் பொறுப்பாளர். சாந்தோம் ஆள். அப்பா, அம்மா, இரண்டு அத்தை எல்லோரும் வாத்தியார்கள். அவரும் வாத்தியார் மாதிரிதான் பேசுவார். அன்று பேச்சு அப்படி இல்லை. திரையில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"வேளா."

எனக்குப் பெயர் தெரியும், பார்த்ததில்லை. சுறா போல உடம்பு, முகத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம் மாதிரி நீளக் கொம்பு. ஒரு காலத்தில் இந்தக் கரையெல்லாம் இருந்த மீன். வலையில் கொம்பு சிக்கிச் சிக்கியே அழிந்து போனது. இப்போது பிடிக்கவே தடை.

"இந்தக் கரையில இதப் பாத்தவங்கள விரல் விட்டு எண்ணலாம். நம்ம அடையாத்துல இருக்கு! மொத்தம் நாப்பத்தோரு வகை மீன் வந்திருக்கு, அதுல ஒண்ணு இது. இது ஒண்ணு போதும், அங்க ஒரு செங்கல் வைக்க முடியாது."

நாங்கள் தண்ணீர் எடுத்தது ஆறு இடத்தில். பாலத்தருகே முதல் இடம், அங்கிருந்து இறங்கி இறங்கி, கடல் வாயில் ஆறாவது. முதல் மூன்றில் வேளா இல்லை. நான்காம் இடத்தில் பலமாக இருந்தது. ஐந்தில் பாதி. ஆறில் லேசாக.

"நாலாவது எடத்துலதான் படுத்திருந்திருக்கு" என்றார் மேடம். "நெடுஞ்செழியன் அண்ணன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நீங்கதான் அந்தத் தண்ணிய எடுத்தீங்க."

தரமணியில் பறக்கும் ரயில் ஏறி மந்தைவெளியில் இறங்கி நடந்தேன். சென்னையில் எனக்கு நல்ல செய்தி சொல்வதற்கு ஆள் கிடைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வழியில் கால் கிலோ மிக்சர் வாங்கினேன்.

நெடுஞ்செழியன் வாசலில் வலைக்கு மிதவை கோத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆரோக்கியமேரி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். வேளா என்ற வார்த்தையைக் கேட்டதும் நெடுஞ்செழியன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை.

"யம்மா மேரி, இங்க வந்து கேளு. நம்ம தொரை வேளாவக் கண்டுபுட்ச்சிட்டாராம், மிசின் வெச்சி!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அத்தப் போயி ஆத்துல தேடினியே நைனா. எங்க ஊட்ல தான கீது!"

கையை மேலே காட்டினார்.

உள் கதவுக்கு மேலே, ஒரு பக்கம் மாதா படம், ஒரு பக்கம் முருகன் படம், நடுவில் அது இருந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம். பழுத்துப்போன மஞ்சள் நிறம். இரண்டு ஓரமும் பற்கள். நடுவில் சந்தனம், குங்குமம், வாடின மல்லிகைச் சரம்.

பலமுறை அந்தக் கதவுக்குக் கீழே நுழைந்திருக்கிறேன். தலை இடித்துவிடும் என்று குனிந்தே நுழைவேன். மேலே பார்த்ததில்லை.

"எங்க மாமனாரு புட்ச்சது" என்றார் ஆரோக்கியமேரி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. "நான் கல்யாணங்கட்டி வரதுக்கு முன்னாடியே அங்கதான் கீது. நான் மாதாவக் கொண்டாந்தேன், அவரு முருகர வெச்சாரு, நடுவுல இது. சண்டையே கெடையாது."

"இத்தக் கழுவுன தண்ணி இல்லாம எங்க ஊட்டுப் படகுல புதுசு எதுவும் ஏறாது" என்றார் நெடுஞ்செழியன். "புது வலையா, புது இஞ்சினா, ஒரு புது கயிறுன்னாலும் சரி. கொம்பத் தண்ணில முக்கி எடுத்து, அந்தத் தண்ணிய அது மேல ஊத்தினு தான் ஏத்துவோம். எங்கப்பாரு வெச்ச வழக்கம்."

மிக்சர் பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

தண்ணீர் எடுக்கப் போன நாளுக்கு முந்தின சாயங்காலமே சாமான்களையெல்லாம் அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். ராயப்பேட்டையிலிருந்து விடிகாலையில் அத்தனையும் தூக்கிவர முடியாது. அதில் வாளி இரண்டு. ஒன்று பழையது. ஒன்று புதியது, மாற்றுக்காக. புதியதை ஆய்வகத்திலேயே பிளீச்சிங் போட்டுக் கழுவி, பிளாஸ்டிக் உறையில் மூடி ஒட்டியிருந்தோம்.

"அக்கா" என்றேன். "அன்னைக்கி அந்தப் புது வாளி..."

"ஆமா, புது பக்கெட்டாச்சே! கவரு போட்டு ஒட்டி வெச்சிருந்த. அத்தப் பிரிச்சி, உள்ளாற நல்லா ஊத்தி, சுத்தி அலசி வெச்சேன். பழசுக்குப் பண்ணல, அது ஏற்கெனவே படகு ஏறுனது தான? உனக்கு நல்லா மாட்டணும்னு மாதாகிட்ட வேண்டிக்கினு தான் ஊத்துனேன்."

நல்லா மாட்டியும் இருந்தது.

அன்று காலை மூன்றாம் இடத்தில், உடைந்த பாலத்தின் தூண் பக்கத்தில், தண்ணீர் எடுத்து முடித்ததும் பழைய வாளியின் கயிறு அறுந்து வாளி முழுகிப் போனது. நான்காம் இடத்திலிருந்து புது வாளி. அதன் உறை பிரிந்திருந்ததைப் பார்த்தேன். அடியில் ஈரம் இருந்ததையும் பார்த்தேன். படகுத் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் தடவை முக்கியபோது கொம்பின் துணுக்கு நிறையப் போயிருக்கும். அடுத்த தடவை பாதி. அதற்கடுத்து லேசாக. மீன் எங்கேயும் படுத்திருக்கவில்லை. வாளி கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாதிரித் தப்பு வந்தால் பிடிப்பதற்கென்றே எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வெறுந்தண்ணீர் என்போம். ஆய்வகத்துச் சுத்தமான தண்ணீரை ஒரு கேனில் கொண்டுபோய், ஆற்றுத் தண்ணீர் படுகிற எல்லாவற்றிலும் அதையும் பட வைத்து, ஒரு பாட்டில் எடுக்க வேண்டும். அதில் ஏதாவது மீன் தெரிந்தால் சாமானில் அழுக்கு என்று அர்த்தம். காலையில் பழைய வாளியில் ஊற்றி எடுத்தேன். வாளி மாறியதும் மறுபடி எடுத்திருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது, கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்கிவிட்டது. எடுக்கவில்லை. படிவத்தில் 'சரி' என்று கையெழுத்து மட்டும் போட்டேன்.

நெடுஞ்செழியனிடம் இதைச் சொல்லிப் புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆனது. புரிந்ததும் அவர் மிதவையைக் கீழே வைத்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"இப்போதைக்கி நம்ம மூணு பேருக்குத்தான்."

"அப்பால இன்னா? கம்முனு இரு. நீ பொய் சொல்லல, நான் பொய் சொல்லல. மிசின் சொல்லிச்சி. வேளா இந்த ஆத்துல புட்ச்ச வேளா தான? எங்கப்பாரு இன்னா, அமிஞ்சிக்கரைலயா புட்ச்சாரு?"

"அண்ணே, அது அம்பது வருசத்துக்கு முந்தி."

"மீனுக்கு வருசம் தெரியுமா? மிசினுக்குத் தெரியுமா? ஒம்போது படகு, நைனா. ஒம்போது ஊடு. கரைலேர்ந்து கெளப்பிக் கண்ணகி நகர்ல போட்ட ஆளுங்கள நீ பாத்துக்கினு தான கீற? அங்கேர்ந்து எந்த மீனப் புடிப்பான் அவன்? உனுக்கு ஒரு கையெழுத்து, எனுக்கு மண்ணே போவுது."

மேடத்துக்குப் போன் செய்தேன். அதற்குள் வேலை முடிந்து வீடு திரும்பியிருந்தார்; சாந்தோமிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்து, நின்றபடியே கொம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"வாளி மாத்தினதும் வெறுந்தண்ணி எடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. எடுக்கணும்னு தெரியும். எடுக்கல."

அவர் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "மத்தியானமே அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஸ்வீட் வாங்கி வச்சிருக்கார்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"மேடம், நீங்க படிச்சவங்க" என்றார் நெடுஞ்செழியன். "நீங்களே சொல்லுங்க. அந்த ஒரு பேரு காயிதத்துல இருந்துட்டுப் போனா யாருக்கு இன்னா நஷ்டம்?"

மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அந்த யோசனை அவருக்கும் வந்திருந்தது என்று தெரிந்தது. அதனால் நான் பேசினேன். மேடம் முன்னால் நானாகப் பேசுவது வழக்கமில்லை.

"அண்ணே, நான் சொல்லுதேன். வேளான்னு எழுதினா என்ன நடக்கும்? பேப்பர்ல வரும். நாடு பூரா ஆளு வருவான், தண்ணி எடுப்பான். நூறு பாட்டில் எடுப்பான். ஒண்ணுலயும் வேளா இருக்காது. நேரா உங்க வீட்டுக்கு வருவான். என்னைய மாதிரி குனிஞ்சி நுழைய மாட்டான், அண்ணாந்து பாப்பான். அன்னைக்கி வேளா மட்டுமா போகும்? மடவை போகும், கிழங்கான் போகும், கொடுவா போகும். மெய்யா இருக்கிற நாப்பது மீனும் பொய்யாப் போயிரும். குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லன்னு அவன் எழுதின வரி மட்டும் நிக்கும்."

அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. ஆரோக்கியமேரி போய்த் தீயைக் குறைத்துவிட்டு வந்தார்.

"வேளாவ எடுத்துட்டா மிச்சம் நாப்பது நிக்குதா?" என்று கேட்டார் நெடுஞ்செழியன்.

"நிக்காது" என்றார் மேடம். "அந்த வாளி உறை பிரிஞ்சு ராத்திரி பூரா மீன்காரங்க வீட்டுல இருந்திருக்கு, எந்த மீனோட துணுக்கும் அதுல ஒட்டியிருக்கலாம். அந்த வாளில எடுத்த மூணு இடமும் போச்சு. பழைய வாளில எடுத்த மூணு இடம் மட்டும்தான் கணக்கு. அதுல இருபத்திமூணு மீன். மத்ததெல்லாம் முகத்துவாரத்துல மட்டும் வந்தது. கொடுவா, விலாங்கு, இறால் திங்க உள்ள வர்ற குஞ்சு மீனெல்லாம் அதுலதான்."

"அப்போ நமக்கு வேணுங்கற மூணு எடமும் போச்சி" என்றார் நெடுஞ்செழியன்.

"மறுபடி எடுப்போம்."

"நாளிக்கி சாயங்காலம் கடுதாசி குடுக்கணும்னீங்க?"

"எடுத்து, படிச்சு முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுக்குக் குறைஞ்சு நாங்க செஞ்சதில்ல. பதினஞ்சு நாள் கேட்டு லெட்டர் எழுதலாம். ஆனா காரணம் கேப்பாங்க. என்ன நடந்ததுன்னு முழுசா எழுதணும்." மேடம் கொம்பைப் பார்த்தார். "இதையும் எழுதணும். எந்த வீடுன்னும் எழுத வேண்டி வரும். இது இப்ப சட்டப்படி வச்சிருக்கக் கூடாத சாமான், அண்ணா. எப்பப் பிடிச்சதுன்னு விசாரிப்பாங்க. எடுத்துட்டுப் போனாலும் போவாங்க."

நெடுஞ்செழியன் எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று கடல் பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்ற வைத்தார். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

ஆரோக்கியமேரிதான் பேசினார்.

"எழுது" என்றார். "எங்க ஊட்ல தான் கீதுன்னு எழுது. ஆரோக்கியமேரி தான் தண்ணி ஊத்துனான்னு எழுது. பேரத் தப்பில்லாம எழுது."

"ஏய், எங்கப்பாரு கொம்புடி அது!" என்றார் நெடுஞ்செழியன் வெளியிலிருந்தே.

"உங்கப்பாரு கொம்பு, உங்கப்பாரு எடம். ரெண்டும் வேணும்னா கெடைக்காது. எத்த வெச்சிக்கிற, சொல்லு. கொம்ப மாட்டிவெக்க ஆணி போதும். படக ஏத்த மண்ணு வேணும்."

நெடுஞ்செழியன் பீடியை முடித்தார். அப்புறம் அவர் உள்ளே வந்தார். நாற்காலியை மேடத்திடமிருந்து கேட்டு வாங்கி, மேலே ஏறி, கொம்பை இறக்கினார். மல்லிகைச் சரத்தை மெல்லக் கழற்றி மாதா படத்தில் மாட்டினார். கொம்பை என் இரண்டு கையிலும் வைத்தார். நினைத்ததைவிட லேசாக இருந்தது.

"இத்தச் சொரண்டியும் மிசின்ல பாக்கலாம் தான? எட்த்துக்கோ. அந்தத் தண்ணியும் இதுவும் ஒண்ணுன்னு அவங்களே பாக்கட்டும். பல்லு ஒடையாம பாத்துக்கோ."

பையிலிருந்து கையுறையும் பஞ்சுக் குச்சியும் எடுத்தேன். கொம்பின் அடிப்பக்கம் மூன்று இடத்தில் தேய்த்து, குழாயில் போட்டு மூடி, தேதி எழுதினேன். மேடம் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக் கடிதம் எழுதினார். என்னைக் காப்பாற்றி எழுத வேண்டாம் என்று சொன்னேன். 'களப் பணியாளர் விதிப்படி இரண்டாம் முறை வெறுந்தண்ணீர் மாதிரி எடுக்கவில்லை. பொறுப்பாளரான நானும் சரிபார்க்கவில்லை' என்று எழுதினார். இரண்டாவது பாதியை நான் சொல்லவில்லை, அவராகச் சேர்த்தது. எழுதியதைச் சத்தமாகப் படித்தார். ஆரோக்கியமேரி தன் பெயர் வந்த இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"பதினஞ்சு நாள் தருவானுங்களா?" என்று நெடுஞ்செழியன் கேட்டார்.

"தெரியாது அண்ணா. தரலன்னா இருபத்திமூணு மீனோட போய் உக்காருவேன். அப்பவும் போவேன்."

"அப்போ காலைல தண்ணி எடுக்கப் போறமா, இல்ல அவன் பதிலுக்குக் குந்திக்கினு இருக்கணுமா?"

"போறோம்" என்றேன் நான்.

நெடுஞ்செழியன் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார். "வாங்கினு வந்ததுதான் வந்துட்ட, துன்னுட்டுப் போ" என்றார். "இன்னொரு சமாச்சாரம். வாளிய இங்க வெக்காத. உன் கூடவே எட்த்தாந்துடு. மேரிக்குக் கை சும்மா இருக்காது."

"நான் ஏன் ஊத்தப்போறேன்?" என்றார் ஆரோக்கியமேரி. "ஆனா கயிறு புதுசுதான?"

"அக்கா!" என்று நானும் மேடமும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் போனார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் படகு ஏறினோம். புது வாளியின் உறையை என் கையால் பிரித்தேன். வெறுந்தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றி, வாளியிலிருந்து பாட்டிலில் எடுத்தேன். ஆறு இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் மூன்று பாட்டில் எடுத்தோம். மேடம் ஒன்பதரைக்குக் கடிதத்தை அனுப்பினார். பதினொன்றே காலுக்குப் பதில் வந்தது. பதினைந்து நாள் கேட்டிருந்தோம். பன்னிரண்டு நாள் வேலைக்கு ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். நான் முதல் பாட்டிலைத் திறந்து வடிகட்ட ஆரம்பித்தேன்.